கண்ணாடி எங்கய்யா போச்சு?

போன மாதம் ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிகள் பதினோரு பேருக்கு இரண்டு மாசச் சம்பளம் பாக்கி. கேட்பதற்காகச் சங்கத் தோழர்களோடு போயிருந்தேன். ‘மேனேஜர் மீட்டிங்கில் இருக்கார்’ என்று பத்து நிமிசத்துக்கு ஒருமுறை வந்து சொன்னார்கள். எதிர்ச் சுவரில் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. இந்த நிறுவனம் தன்னுடைய பழைய கணினி மானிட்டர்களைச் சுற்றுச்சூழலுக்குக் கேடு வராமல், பொறுப்பான முறையில் மறுசுழற்சி செய்திருக்கிறதாம். இத்தனை கிலோ, இத்தனாம் தேதி, கையெழுத்து, முத்திரை. மூலையில் ஒரு பச்சை இலைப் படம்.

வேறு வேலை இல்லாததால் அதை நாலைந்து தடவை படித்தேன். உடைத்தது யார்? அதில் இல்லை. எந்த இடத்தில் வைத்து உடைத்தார்கள்? இல்லை. உடைத்த கண்ணாடி எங்கே போச்சு? அதுவும் இல்லை. எடை மட்டும் கிராம் சுத்தமாக இருக்கிறது.

பதினோரு பேர் சம்பளத்தை மறந்துபோகிற கம்பெனிக்குக் குப்பையின் எடை மட்டும் எப்படி இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறது என்று யோசித்தபடி வெளியே வந்தேன். சம்பளம் வாங்கியாச்சு. இந்தச் சான்றிதழ் விசயம்தான் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

மாணவத் தோழர்கள் பலர் டப்பா மானிட்டரைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். முன்பக்கம் டி.வி. மாதிரி, பின்பக்கம் கூன் விழுந்த மாதிரி இருக்கும். தூக்க ஒரு ஆள் போதாது. அதன் வயிற்றில் இருப்பது பிக்சர் டியூப். உள்ளே காற்று கிடையாது, வெற்றிடம். பின்கழுத்திலிருந்து எலெக்ட்ரான்கள் பாய்ந்து வந்து திரையின் உட்பூச்சில் மோதும்போது படம் தெரியும். அப்படி மோதும்போது எக்ஸ்-கதிரும் கிளம்பும். எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் மேல் அது படக்கூடாது அல்லவா? அதற்காகக் கண்ணாடியிலேயே ஈயத்தைக் கலந்தார்கள். பின்பக்கம் புனல் மாதிரி இருக்கிற கண்ணாடியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. திரையின் அளவைப் பொறுத்து ஒரு மானிட்டரில் அரைக் கிலோவிலிருந்து இரண்டு மூன்று கிலோ வரை ஈயம் உண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த ஈயம் ஒரு உடம்பைக் காப்பாற்றுவதற்காகப் போடப்பட்டது. குளிர்சாதன அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உடம்பு அது. பத்து வருசம் காப்பாற்றிவிட்டு, அந்த ஆள் எழுந்துபோன பிறகு அதே ஈயம் சுத்தியல் பிடித்திருப்பவனின் மூக்குக்குள் தூசியாகப் போகிறது. கண்ணாடிக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. உடைத்து நொறுக்கினால்தான் தூசி. மழையில் போட்டு வைத்தால்தான் தண்ணீரில் கசியும். ஆக, உட்கார்ந்தவனுக்குக் கவசம், உடைக்கிறவனுக்கு விஷம். ஒரே ஈயம்தான்.

என் சித்தி மகன் ஆறு வருசம் வட சென்னையில் ஒரு காயலான் கடைக் குடோனில் இருந்தான். அவனிடம் கேட்டேன், எப்படிடா உடைப்பீங்க என்று.

“மொதல்ல பின்னாடி பிளாஸ்டிக்கைக் கழட்டணும்ணா. அப்பறம் கழுத்து. சுத்தியால லேசா ஒரு தட்டு. புஸ்ஸுனு காத்து உள்ள போவும். தட்டத் தெரியாதவன் தட்டுனா மொத்தமா வெடிச்சு மூஞ்சில அடிக்கும். அப்படி ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு. காத்து போனதும் யோக்கை உருவிடுவோம், அதுலதான் செம்பு. போர்டு தனியா, ஒயரு தனியா. உள்ள வெள்ளையா மாவு மாதிரி ஒட்டினு இருக்கும், அதை ஊதி வுட்ருவோம்.”

“கண்ணாடி?”

“கண்ணாடிக்கு யாரு காசு குடுப்பா? நொறுக்கி மூட்டை கட்டி வெச்சிடுவோம். ராவுல வண்டி வரும். எடுத்துனு போயி ஏரிப் பக்கம், காலி மனையில எங்கனா கொட்டிடுவாங்க. நாங்க கேக்க மாட்டோம்.”

அவன் ஊதிவிட்ட வெள்ளை மாவில் துத்தநாகம் உண்டு. பழைய டியூப்களில் காட்மியமும் உண்டு. அது சிறுநீரகத்தைப் பிடிக்கும். ஈயம் ரத்தத்தில் ஏறும், பிறகு எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், வேலையை விட்ட பிறகும் வருசக்கணக்கில் அங்கேயே இருக்கும். இவனுக்கு இரண்டு வருசமாக வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி, கை மணிக்கட்டில் பலம் இல்லை, ரத்தசோகை. ஆஸ்பத்திரியில் அல்சர் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒரு டாக்டர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் வெளியே காசு கட்டி ரத்தத்தில் ஈயம் பார்த்தோம். இருந்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளுக்கு மூளையையே பாதிக்கும், கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்கும் தாய் வழியாகப் போகும். குடோனுக்குப் பின்னாலேயே குடியிருப்பு என்றால் தூசி யார் சோற்றில் விழும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் குடோனுக்கு மானிட்டர் எங்கிருந்து வந்தது? வீடுகளிலிருந்து வந்தது கொஞ்சம். லோடு லோடாக வந்தது கம்பெனி, வங்கி, கல்லூரி, அரசு அலுவலகத்திலிருந்து. எப்படி வந்தது? ஏலத்தில்.

ஏலம் என்பது என்ன சமாச்சாரம் என்று பாருங்கள். ஐநூறு பழைய மானிட்டர் இருக்கிறது. இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருத்தர் ஒழுங்காகச் செய்கிறவர். மூடிய அறை, காற்றை உறிஞ்சும் எந்திரம், கையுறை, முகமூடி, வேலைக்காரனுக்குச் சட்டப்படிக் கூலி, ஈ.எஸ்.ஐ. எல்லாம் கொடுக்கிறவர். செம்பையும் போர்டையும் எடுத்த பிறகு மிஞ்சுகிற கண்ணாடியை ஈயம் உருக்கும் ஆலைக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அபாயக் கழிவுக்கென்றே கட்டிய குழிக்கு அனுப்ப வேண்டும். நம் பக்கம் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு இடம் இருக்கிறது. இரண்டுக்கும் இவர்தான் காசு கட்டணும். மானிட்டரின் எடையில் பெரும் பங்கு கண்ணாடிதான் என்பதை மறக்க வேண்டாம். இந்தச் செலவை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அவர் கம்பெனிக்குக் காசு கொடுக்க முடியாது, கம்பெனிதான் அவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொருத்தர் கண்ணாடியை ஏரியில் கொட்டுகிறவர். அவருக்குச் செம்பு முழுசும் லாபம். ‘மானிட்டருக்கு நூறு ரூபா தர்றேன்’ என்பார். ஏலம் யாருக்குப் போகும்?

அப்படியானால் டப்பா மானிட்டரை விற்றுக் காசு பார்த்த ஒவ்வொரு நிறுவனமும் அந்தக் கண்ணாடி எங்கோ கொட்டப்படும் என்பதையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறது. தெரியாமல் விற்றோம் என்கிறார்கள். ஏலப் படிவத்தில் கையெழுத்துப் போடும் கணக்கருக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தெரியாதா? ஊழியர் பஸ் டிக்கெட்டில் ஐந்து ரூபாய் கூடினால் கேள்வி கேட்கிற ஆள் அவர்.

ஏலத்தில் போன பொருள் ஆளைக் கொன்ற கதையும் உண்டு. டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை ரொம்ப வருசம் சும்மா கிடந்த ஒரு கதிர்வீச்சு எந்திரத்தை 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு ஏலம் விட்டது. உள்ளே கோபால்ட்-60. மாயாபுரிச் சந்தையில் அதைப் பிரித்தார்கள். ஏப்ரலில் ஒரு தொழிலாளி செத்தார், இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். படித்த பேராசிரியர்கள் நிறைந்த இடத்திலிருந்து வந்த சாவு அது. கதிர்வீச்சு என்பதால் சில வாரத்தில் கொன்றது, செய்தித்தாளில் வந்தது. ஈயம் நிதானமாகக் கொல்லும். அதற்கு எந்த நிருபரும் வரமாட்டார்.

கண்ணாடிக்கு ஒரு காலத்தில் விலை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். டப்பா டி.வி.யும் மானிட்டரும் உற்பத்தியில் இருந்தவரை பழைய கண்ணாடியை உருக்கிப் புதுக் கண்ணாடி செய்தார்கள். டெல்லியில் பழைய மானிட்டர் டியூபுக்குப் புதுத் துப்பாக்கி பொருத்தி மலிவு விலை டி.வி. செய்து விற்றார்கள். எலெக்ட்ரானைச் சுடுகிற பாகத்துக்குத் துப்பாக்கி என்றுதான் பெயர். தட்டைத் திரை வந்தது. டியூப் தொழிற்சாலைகள் உலகம் முழுக்க ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கண்ணாடி அனாதையானது. கம்பெனிகள் டப்பாவைத் தூக்கிப் போட்டதும் சரியாக அதே வருசங்களில்தான்.

‘இதெல்லாம் நம்ம ஊர்லதான் சார், ஃபாரின்ல ஒழுங்கா செய்றாங்க’ என்று ஒரு படித்த கூட்டம் எப்போதும் சொல்லும். அந்த யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் டென்வர் பக்கம் எக்சிக்யூட்டிவ் ரீசைக்கிளிங் என்று ஒரு கம்பெனி. கம்பெனிகளிடமும் அரசு அலுவலகங்களிடமும் பழைய மானிட்டரை வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே பொறுப்பாக அழிப்போம் என்று வாக்குக் கொடுக்கும். அதற்குக் கட்டணமும் வாங்கும். 2008-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அதன் கண்டெய்னரைப் பின்தொடர்ந்து போனது. பெட்டி ஹாங்காங்கில் இறங்கியது. 2005-க்கும் 2008-க்கும் நடுவில் முந்நூறுக்கு மேற்பட்ட கண்டெய்னர்கள் அந்தக் கம்பெனி பேரில் நாட்டை விட்டுப் போயிருக்கின்றன. அதில் டப்பா மானிட்டர், டி.வி. டியூப் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். 2013-இல் அதன் முதலாளிக்கு 30 மாதச் சிறை. சியாட்டிலில் டோட்டல் ரீக்ளெய்ம் என்று இன்னொன்று, சுற்றுச்சூழல் நற்பெயருக்குப் பேர் போனது. பாசல் செயல் வலைப்பின்னல் என்ற அமைப்பினர் தட்டைத் திரை மானிட்டர்களுக்குள் இருப்பிடம் காட்டும் கருவியை ஒளித்து வைத்துக் கொடுத்தார்கள். கருவி ஹாங்காங்கிலிருந்து பேசியது. பாதரச விளக்கு உள்ள மானிட்டர்கள், 37 லட்சம் கிலோவுக்கு மேல். 2019-இல் முதலாளிகள் இருவருக்கும் 28 மாதச் சிறை. ஓஹியோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரில் ஒரு கம்பெனி, கண்ணாடியிலிருந்து ஈயத்தைப் பிரிக்கப் போகிறோம் என்று ஊர்ப்பட்ட கம்பெனிகளிடம் காசு வாங்கிக் கிடங்கு கிடங்காகக் கண்ணாடியைக் குவித்தது. 2016-இல் அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனது. ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல்.

முதல் இரண்டு கதையிலும் மானிட்டரைக் கொடுத்த கம்பெனிகள் கையில் சான்றிதழ் இருந்தது. அவர்கள் ஏமாந்தார்கள் என்று கோர்ட்டு சொல்லியது. இருக்கட்டும். ஆனால் யாரும் கண்டெய்னர் பின்னால் போய்ப் பார்க்கவில்லை, ஒரு தொலைக்காட்சிக்காரனும் ஒளித்து வைத்த கருவியும் போகும்வரை. பார்க்காமல் இருப்பதற்குத்தானே சான்றிதழ்.

அபாயக் கழிவை நாடு விட்டு நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்த 1989-இல் பாசல் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா 1992-இல் சேர்ந்தது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை உறுதி செய்யவில்லை. பணக்கார நாடுகளின் மின்கழிவு சீனா, இந்தியா, பாகிஸ்தான் பக்கம் எப்படி வந்து குவிகிறது என்று 2002-இல் விரிவான அறிக்கையே வந்தது. வெள்ளைக்காரன் கழிவை நம் தலையில் கொட்டுகிறான் என்று அப்போது இங்கே எழுதியவர்கள் நிறையப் பேர். நியாயம்தான். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அதே கப்பல் ஓடுவதைப் பற்றி மட்டும் அவர்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நாட்டு எல்லையைத் தாண்டினால் ஏகாதிபத்தியம், தெரு எல்லையைத் தாண்டினால் காயலான் வியாபாரம்!

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். மின்கழிவுக்கென்று முதல் விதிகள் 2011-இல் வந்தன, 2012 மே முதல் அமல். பிறகு 2016 விதிகள். இப்போது இருப்பது 2022 விதிகள், 2023 ஏப்ரல் முதல் அமல். 2016-இல் ‘மொத்த நுகர்வோர்’ யார் என்று பேர் சொல்லி இருந்தது. அரசுத் துறை, பொதுத்துறை, வங்கி, கல்வி நிறுவனம், கம்பெனி எல்லாம் உள்ளே. 2022-இல் அதை எண்ணிக்கையாக்கினார்கள். ஒரு நிதியாண்டில் மின், மின்னணுப் பொருள் ஆயிரமாவது வைத்திருந்தால்தான் மொத்த நுகர்வோர். முந்நூறு மானிட்டரும் நாற்பது மின்விசிறியும் வைத்திருக்கிற கல்லூரி கணக்கிலேயே வராது.

அதைவிடப் பெரிய கூத்து சான்றிதழ் விவகாரம். பொருளைச் செய்து விற்ற கம்பெனி அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது சட்டத்தின் அடிப்படை. நல்ல கொள்கை. அந்தப் பொறுப்பை அது எப்படிக் கழிக்கிறது? பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சான்றிதழ் வாங்கி. சான்றிதழ் எதைக் கணக்கிட்டு உருவாகிறது? தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. இந்த நாலு உலோகம் எவ்வளவு மீட்கப்பட்டது என்பதை வைத்து. ஈயம் அந்தப் பட்டியலில் இல்லை. பாதரசமும் இல்லை. எதில் காசு இருக்கிறதோ அதற்குச் சான்றிதழ். எது ஆளைக் கொல்லுமோ அதை ஒழுங்காகக் கையாண்டதற்குச் சான்றிதழ் கிடையாது. காயலான் கடை முதலாளியும் செம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியைத்தானே கொட்டினார்? அவருடைய பார்வையைத்தான் சட்டம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. இதற்கே கம்பெனிகளுக்கு வலிக்கிறது. வீட்டு மின்னணுப் பொருளுக்குக் கிலோவுக்கு 22 ரூபாயாவது மறுசுழற்சிக்குக் கொடு என்று அரசு அடித்தள விலை வைத்ததும், 2025-இல் உலகப் பெரும் கம்பெனிகள் சில டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு ஓடின.

டப்பாக் காலம் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். முதலில், முடியவில்லை. அரசு அலுவலகப் பண்டக அறைகளைப் போய்ப் பாருங்கள். அடுத்தது, டப்பாவுக்குப் பதிலாக வந்த முதல் தலைமுறைத் தட்டைத் திரைகள் இப்போது குப்பைக்கு வருகின்றன. அதன் ஓரத்தில் பென்சில் லீடு மாதிரி மெல்லிய கண்ணாடி விளக்குகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் ‘டிக்’ என்று ஒடியும். ஒடிந்ததே தெரியாது, ஆவி மூக்குக்குள் போய்விடும். எல்.இ.டி. விளக்கு வந்த பிறகுதான் அது ஒழிந்தது. டப்பாவுக்கு நடந்த அதே ஏலம், அதே குட்டி யானை வண்டி, அதே குடோன்.

இனி யார் உடைப்பது என்ற கேள்வி. அறிக்கைகளில் இவர்களுக்கு ஒரு பேர் உண்டு: ‘அமைப்புசாராத் துறை’. அமைப்புசாராதா? எந்தத் தெருக்காரன் எந்தக் குப்பையைத் தொடணும், எந்தக் குப்பைக்கு எந்தக் கை என்று ஆயிரக்கணக்கான வருசமாக அமைத்து வைத்திருக்கிற அமைப்பைவிட இறுக்கமான அமைப்பு உலகத்தில் எங்கேயாவது உண்டா? கையால் மலம் அள்ளுவோரில் சாதி விவரம் தெரிந்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று 2021-இல் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. மின்கழிவுப் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. கிலோவுக்குக் கட்டம் உண்டு, வண்டி நம்பருக்குக் கட்டம் உண்டு, கைக்குக் கட்டம் இல்லை. டெல்லி சீலம்பூரில் ஏழை முஸ்லிம்கள் உடைக்கிறார்கள். மொராதாபாத்தில் பித்தளை வேலை நசிந்த கைகள் போர்டை எரிக்கின்றன. வட சென்னையில் என் சித்தி மகன். அவனோடு குடோனில் இருந்த ஒன்பது பேரும் எங்கள் பக்கத்துச் சேரிகளில் இருந்து வந்தவர்கள். முதலாளி வேறு சாதி. இதைத் தற்செயல் என்று சொல்கிற பொதுப்புத்தியோடு விவாதிக்க எனக்கு நேரமில்லை.

சுற்றுச்சூழல்வாதிகள் வைக்கிற தீர்வு என்ன? ‘சட்டவிரோதக் கூடங்களை மூடு.’ அதிகாரிகள் வருகிறார்கள், குடோனுக்குச் சீல் வைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். உடைத்தவன் வேலை போகிறது. விற்ற கம்பெனி மேல் வழக்கு வந்து எங்காவது பார்த்திருக்கிறீர்களா? சீல் வைத்த பத்தாம் நாள் இன்னொரு தெருவில் சுத்தியல் சத்தம் கேட்கும். கூலி மட்டும் முன்பைவிடக் குறைந்திருக்கும்.

நன்கொடை என்று இன்னொரு அசிங்கம். ஒரு ஆதிதிராவிடர் மாணவர் விடுதிக்கு ஒரு கம்பெனி இருபது பழைய மானிட்டர் ‘வழங்கியது’. பேனர், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. பதினாலு எரியவே இல்லை. விடுதியின் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டதால் வெளியே போடவும் முடியாமல் பசங்க படுக்கிற அறையிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். ஒழுங்காக அழிக்கிற செலவும் மிச்சம், தர்மப் பிரபு என்ற பேரும் லாபம். குப்பையை நம்மிடம் தள்ளும்போதுகூட நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும்! (இலவசக் கலர் டி.வி.யைக் கேலி பேசுகிற நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு வார்த்தை. 2006-க்குப் பிறகு தமிழ்நாட்டு ஏழை வீடுகளுக்கு வந்த அந்தப் பெட்டிகளிலும் டியூப்தான் இருந்தது, அவையும் இப்போது உடைகின்றன. அதைத் திரும்ப வாங்கி ஒழுங்காகக் கையாளும் பொறுப்பு கொடுத்த அரசுக்கு உண்டு. அதைக் கேட்காமல் வாங்கினவனைக் கேலி செய்யாதே.)

நம் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகையை முன்பு வடிவமைத்த கணினியின் டப்பா மானிட்டர் என்ன ஆச்சு என்று ஆசிரியரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘காயலான் கடைக்கு நூத்தம்பது ரூபாய்க்குப் போட்டோம் தோழர், அந்தக் காசுலதான் போஸ்டல் ஸ்டாம்ப் வாங்கினோம்’ என்றார். சிரித்தோம். சிரிக்கிற விசயம் இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

இதில் எனக்குள்ளேயே ஒரு சண்டை உண்டு. இந்த வேலையைப் பாதுகாப்பான வேலையாக மாற்றச் சொல்வதா, இந்த வேலையை விட்டே வெளியே வா என்பதா? 1927-இல் மகாடில் பாபாசாகேப் நம் சனங்களிடம் இழிதொழிலை விட்டொழியுங்கள் என்றுதான் சொன்னார். கையுறை கேட்கச் சொல்லவில்லை. ‘பயிற்சி கொடுத்து முறைப்படுத்துகிறோம்’ என்று தொண்டு நிறுவனங்கள் வரும்போது எனக்கு வயிறு எரிகிறது. குப்பைக்கும் நமக்கும் இருக்கிற கட்டை அறுக்காமல் அதற்குச் சீருடை மாட்டிவிடுகிறார்கள். ஆனால் சித்தி மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: “வுட்டுட்டு வரேண்ணா. நாளைக்கு அரிசிக்கு?” இதற்குப் பதில் சொல்லாத விடுதலையை அவனிடம் கொண்டுபோக எனக்கு வாய் வரவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறேன். கண்ணாடியை மூடிய எந்திரம் உடைக்கட்டும், மனுசன் கை வேண்டாம். இத்தனை வருசம் உடைத்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை, சிகிச்சை, மாற்று வேலை, ஓய்வூதியம் எல்லாம் விற்றவர்கள் காசில் நடக்கட்டும். அதுவரை உள்ளே இருக்க வேண்டியவன் தொழிலாளியாகப் பதிவாகி, சங்கமாகி, கூலியும் ஈ.எஸ்.ஐ.யும் வாங்கிக்கொண்டு இருக்கட்டும். அவன் பிள்ளை அங்கே வரக்கூடாது.

இதில் ஒரு பாதி ஏற்கனவே சட்டத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மின்கழிவில் வேலை செய்கிறவர்களை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும், குழுக்களாகச் சேர உதவ வேண்டும், அவர்கள் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டும், பிரிப்பதற்குத் தொழிற்பேட்டைகளில் இடம் ஒதுக்க வேண்டும் என்று மாநில அரசுக்கு 2016 விதிகளும் சொல்கின்றன, 2022 விதிகளும் சொல்கின்றன. நம் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் போய்க் கேட்டோம், இதுவரை எத்தனை பேரைப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று. அங்கே இருந்தவர், ‘மின்கழிவா? அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாக்குறது’ என்றார். வாரியத்தில் போனால், ‘தொழிலாளர் விசயமெல்லாம் லேபர்ல கேளுங்க’ என்கிறார்கள்.

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பழைய மானிட்டர்கள் எங்கே போயின? அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். எத்தனை மானிட்டர், எந்தத் தேதி, யாருக்கு, எவ்வளவுக்கு விற்றீர்கள்? வாங்கியவரின் பதிவு எண் என்ன? கண்ணாடி எத்தனை கிலோ, அது எந்த ஆலைக்கோ குழிக்கோ போய்ச் சேர்ந்ததற்கு ரசீது எங்கே? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் மாட்டுவார்கள். தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஏலம் விடாதே, காசு கொடுத்து அழி என்று உள்ளே இருந்து ஒரு கடிதம் எழுதினால் வேலை போய்விடாது. போய்விடும் என்று பயமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம்.

சம்பளப் பேச்சு முடிந்து எழும்போது அந்த மேனேஜரிடமும் கேட்டுப் பார்த்தேன், சுவரில் மாட்டியிருக்கிறீர்களே, அந்தக் கண்ணாடியெல்லாம் எங்கே சார் போச்சு என்று. அவர் சான்றிதழைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எந்தக் கண்ணாடி?” என்றார். பிறகு, “அதெல்லாம் வெண்டர் பாத்துக்குவான்.”

அடுத்த மாதம் ஒரு அரசுக் கல்லூரியில் ஏலம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்: ‘பழுதடைந்த கணினிப் பொருட்கள், உள்ளது உள்ளபடி, அதிக விலைக்குக் கோருபவருக்கு’. அன்று காலை பத்து மணிக்கு வாசலில் துண்டறிக்கையோடு நிற்கிறோம், வர முடிந்தவர்கள் வாருங்கள். ஏலம் முடிந்து லோடு கிளம்பினால் குட்டி யானை பின்னால் இரண்டு பைக் போகும். முதல் பைக்கைச் சித்தி மகன் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். வண்டி எந்தத் தெருவில் திரும்பும் என்று அவனுக்கு இப்போதே தெரியும்.